வண்டி திரும்பும் வட்டம்

போன வாரம் தங்கச்சிக்குத் துணையாகப் பெண்கள் சலூன் ஒன்றுக்குப் போயிருந்தேன். தலைச்சாயம் கலக்கும் பெண் ஒரு போத்தலைத் திறந்ததும் மூக்கைக் குத்துகிற நெடி எழுந்தது. மற்றவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். எனக்குப் பசித்தது. அது அமோனியா நெடி. நான் முதன்முதல் வேலை பார்த்த பட்டின சபைக் கந்தோரில் வரைபடங்களுக்குப் பிரதி எடுக்கும் பெட்டிக்குள் அமோனியாத் தட்டு வைப்போம். அந்தப் பெட்டிக்கு மேலே இருந்த தட்டில்தான் பியோன் எங்கள் பகல் சாப்பாட்டுப் பார்சல்களை அடுக்கி வைப்பார். இன்றைக்கும் அந்த நெடி எங்கே வந்தாலும் கூடவே எனக்குப் பருப்புக்கறி வந்துவிடுகிறது.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஹட்டன் பக்கத்துச் சின்னப் பட்டினம். பெயரைச் சொல்லவில்லை, அங்கே இன்னும் எனக்கு இரண்டு சிநேகிதிகள் இருக்கிறார்கள். நான் வட்டகொடைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர்களுக்குக் கட்டிய வரிசை வீட்டில், பிறந்தவள். அப்பா தோட்டத்து ஸ்டோரில், அதுதான் தேயிலைத் தொழிற்சாலையில், தேயிலை உருட்டும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று நின்று காது மந்தமானவர். அவருடைய உழைப்பில் தொழில்நுட்பக் கல்லூரி வரை போய், படவரைஞர் என்று ஒரு சான்றிதழோடு திரும்பி வந்திருந்தேன். முதல் நாள் கந்தோரில் என் கையில் தந்தவை: ஒரு வரைபலகை, டீ வடிவ மட்டக்கோல், மைப்பேனா இரண்டு, பழைய சவர பிளேட் ஒன்று, வீதிகளைப் பற்றிய விதிப்புத்தகம் ஒன்று. பிளேட் எதற்கு என்று கேட்டேன். படத்தாளில் மையால் போட்ட கோட்டை அழிப்பதற்கு, மெதுவாகச் சுரண்ட வேண்டும் என்றார்கள். விதிப்புத்தகம் எதற்கு என்று கேட்கவில்லை. அதுவும் ஏறக்குறைய அதே வேலைக்குத்தான் என்பது பிறகு தெரிந்தது.

அந்தப் புத்தகத்தை எழுதியவர் எங்கள் மலைக்கு வந்ததில்லை. வந்திருந்தால் மூச்சு வாங்கியிருக்கும். மூச்சு வாங்கிய மனிதர் அப்படி எழுதமாட்டார். காணியைத் துண்டு போட்டு விற்கிறவர்கள் உள்ளே போடும் தெரு இருபதடி அகலம் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் நடைபாதை வேண்டும். சந்தி மூலைகளைச் சாய்த்து வெட்ட வேண்டும். தெரு ஓரிடத்தில் முட்டி நின்றால் அங்கே வண்டி திரும்புவதற்கு வட்டமாக இடம் விட வேண்டும். நிழல்மரம் நட வேண்டும். இந்த நிழல்மரத்தில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுவேன். வெயில் எந்த மூலையில் விழுகிறது என்று பார்த்து நாற்காலியை இழுத்துக்கொண்டே திரிகிற ஊரில் நிழலுக்கு மரம்.

எங்கள் பிரதான வீதிக்கு ஒரு பக்கம் மண் சரியும் கரை, மறுபக்கம் ரயில் பாதை. இரண்டு பஸ் எதிரெதிரே வந்தால் ஒன்று மீன்கடை வரைக்கும் பின்னால் போக வேண்டும். புத்தகத்தின்படி பார்த்தால் அது வீதியே இல்லை. அந்த வீதியில் இருந்த கந்தோரில் உட்கார்ந்துகொண்டுதான் மற்றவர்களுடைய தெருவை அளந்தோம்.

தனியார் தெரு என்று தனி அத்தியாயமே இருந்தது. அதைச் சுருக்கிச் சொல்கிறேன். தெருவை நீங்கள் வெட்ட வேண்டும், கல் போட வேண்டும், தண்ணீர் ஓடக் கான் கட்ட வேண்டும், விளக்குப் போட வேண்டும், பிறகு காலமெல்லாம் பராமரிக்க வேண்டும். சபை ஒரு கூடை மண்ணும் தராது. ஆனால் எல்லாவற்றையும் எப்படிச் செய்ய வேண்டும் என்று சபைதான் சொல்லும். தோட்டத்து லயங்களுக்கோ விதியே இல்லை. அவை சபை எல்லைக்கு வெளியே. லயத்துக்கு முன்னால் எத்தனை பேர் நடந்தாலும் அது தெரு ஆகாது. தெரு இல்லாத இடத்துக்குத் தெரு விதி எதற்கு? தர்க்கத்தில் பிழை கண்டுபிடிக்க முடியாது.

தனியார் தெரு என்பது எனக்குப் புதிதில்லை. சின்ன வயதில் எங்கள் தோட்டத்து ரோட்டை வருஷத்தில் ஒரு நாள் துரை மூடிவிடுவார். கேட்டுக்குக் குறுக்கே சங்கிலி, பக்கத்தில் ஸ்டூல் போட்டு வாட்ச்சர். அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகிற நாங்களும் கடைக்குப் போகிற பெரியவர்களும் தேயிலைக்குள் இறங்கிச் சுற்றிப் போவோம். அது ஏதோ திருவிழா என்றே நினைத்திருந்தேன். சங்கிலிக்குப் பூ வைக்கலாமா என்று வாட்ச்சரிடம் கேட்டதாக அம்மா சொல்லிச் சிரிப்பார். வருஷத்தில் ஒரு நாளாவது மூடாவிட்டால், நடக்கிறவர்களுக்குப் பாதையில் உரிமை வந்துவிடும் என்று பயந்து செய்த வேலை அது என்பதைக் கந்தோருக்கு வந்த பிறகுதான் படித்தேன். மற்ற நாளெல்லாம் நடக்க விடுவதே, இது உங்கள் வழி இல்லை என்று அந்த ஒரு நாள் சொல்வதற்காகத்தான்.

இந்த வித்தையை நன்றாகக் கற்று வைத்திருந்தவர் சுந்தரலிங்கம். தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் எல்லோருக்கும் கிளாக்கர் ஐயாதான். காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது, பட்டினத்தை ஒட்டிய ஒரு பழைய பங்களாவும் அதைச் சுற்றிய நிலமும் மட்டும் சொந்தக்காரருக்கு மிஞ்சியது. அதை அந்தச் சொந்தக்காரர் துண்டு துண்டாக விற்றார். வாசலில் ‘கார்டன்ஸ்’ என்று முடிகிற ஓர் இங்கிலீஷ் பலகை வைத்தார். சனங்கள் கொலனி என்றார்கள். வாங்கியவர்கள் ஆசிரியர்கள், கடைக்காரர்கள், கந்தோர்க்காரர்கள். அநேகமாக எல்லோரும் லயத்திலோ லயத்துக்குப் பக்கத்திலோ பிறந்தவர்கள். அதை மறக்கத்தான் வீடு கட்டினார்கள் என்று சொன்னால் கோபப்படுவார்கள், ஆனால் மறுக்கமாட்டார்கள். கிளாக்கர் ஐயா அங்கே சங்கத் தலைவர். நான் அந்தக் கொலனியின் முதல் வீட்டில் ஓர் அறைக்கு வாடகைக்கு இருந்தேன்.

பஸ் ரோட்டில் தொடங்கிக் கொலனித் தெரு மேட்டின் விளிம்பு வரை போய் முட்டி நிற்கும். அந்த விளிம்பிலிருந்து ஓர் ஒற்றையடிப் பாதை கீழே இறங்கித் தோட்டத்தின் பத்தாம் நம்பர் லயத்துக்குப் போகும். தெரு வருவதற்கு நெடுங்காலத்துக்கு முன்பே இருந்த பாதை. சொல்லப்போனால் அந்தப் பாதையின் மேல்பாதிமேல்தான் தெருவையே வெட்டியிருந்தார்கள்.

கீழே இருந்து அந்தப் பாதையில் தினமும் விடிய முதல் ஏறி வருகிறவர் பாக்கியம் அக்கா. வீட்டுக்காரர் இறந்துவிட்டார். கொழுந்துச் சம்பளத்தோடு ஒரு பசுமாடு. பஸ் ரோட்டில் பால் சேகரிக்கும் லொறி வந்து நிற்கும். லொறிக்காரன் யாருக்கும் காத்திருக்கமாட்டான். தூக்கி வந்த கேனை அங்கே ஊற்றிவிட்டு, மிச்சத்தைக் கொலனி வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு, பெரட்டுக்கு, அதுதான் காலையில் தோட்டத்தில் பெயர் கொடுக்கிற இடத்துக்கு, ஓடுவார். மகளை ஹட்டனில் படிக்க வைத்தது அந்த மாடுதான் என்பார். மாட்டைப் பற்றி மரியாதையோடுதான் பேசுவார், கிளாக்கர் ஐயாவைப் பற்றிப் பேசுவதைவிட.

ஒரு நாள் தெரு முட்டும் இடத்தில் குறுக்கே முட்கம்பி வேலி வந்தது. சங்கக் கூட்டத்தில் கிளாக்கர் ஐயா பேசியதை என் வீட்டுக்காரம்மா அப்படியே வந்து சொன்னார்.

“நம்ம ரோட்டு, நம்ம காசு. தொர வருஷத்துக்கு ஒரு நாள் மூடுவாரு. நாம வருஷம் பூரா மூடுவோம். லயத்து ஆளுங்க காலையில சத்தம் போட்டுக்கிட்டுப் போனா இது என்னா கொலனி?”

அன்றிலிருந்து பாக்கியம் அக்கா ஸ்டோரைச் சுற்றி, கடைவீதியைச் சுற்றி வந்தார். முதல் நாளே லொறி போய்விட்டது. மறுநாளும் போய்விட்டது. கொலனிக்கும் பால் பிந்தியது. கிளாக்கர் ஐயா கேட்டில் நின்று, “என்னா பாக்கியம், தேத்தண்ணி நேரம் தாண்டிப் பால் கொண்டு வந்தா எப்புடி?” என்று கேட்டதை என் காதால் கேட்டேன். அவர் அதைக் கிண்டலாகக் கேட்கவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவருக்கு உண்மையாகவே தோன்றவில்லை.

அக்கா என் அறை ஜன்னலுக்கு வந்தார். “ஏம் புள்ள, நீ கந்தோர்ல கோடு போடுற புள்ளதானே. எங்க பாதைக்கும் ஒரு கோட்டப் போட்டா என்னா?”

“புள்ளிக்கோடு போட்டிருக்கேன் அக்கா. இருக்கிற பாதைய அப்புடித்தான் காட்டணும்.”

“புள்ளியாவா? அப்ப எங்கள விட்டு விட்டு நடக்கச் சொல்றியா?”

உண்மையில் போட்டிருந்தேன். கொலனித் தெருவுக்குச் சபையின் அங்கீகாரம் வேண்டி வந்த வரைபடத்தைப் பெரிதாக்கி வரைகிற வேலை என்னிடம்தான் வந்தது. காணிக்குள் ஏற்கெனவே சனங்கள் நடக்கும் பாதை இருந்தால் அதைக் காட்ட வேண்டும் என்று அந்தப் புத்தகத்திலேயே இருந்தது. இருந்ததில் அந்த ஒரு விதிதான் மனிதர் எழுதியது போல் இருந்தது. எங்கள் தொழில்நுட்ப உத்தியோகத்தர், டீ.ஓ. மாத்தயா, படத்தைப் பார்த்தார். நல்ல மனிதர், யாருடனும் பகை வராமல் ஓய்வு பெற வேண்டும் என்பது அவருடைய ஒரே கொள்கை. என்னை நங்கி, சிங்களத்தில் தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார்.

“நங்கி, இந்தப் பாதை சேர்வேயர் பிளான்ல இருக்கா?”

“இல்ல சேர். தரையில இருக்கு.”

“நாங்க அங்கீகாரம் குடுக்கிறது பிளானுக்கு. தரைக்கு இல்ல.”

பிளேட்டை எடுத்து அவரே சுரண்டினார். பழக்கமில்லாத கை. தாள் பிசிறி, அழுக்கேறி, பிரதி எடுத்தபோது அந்த இடம் நீளமான கறையாக விழுந்தது. புள்ளிக்கோட்டைவிட அந்தக் கறை பாதை மாதிரியே இருந்தது. எல்லாப் பிரதியிலும் கையெழுத்து வைத்தார்கள்.

ஆனால் வட்டத்தில் மட்டும் டீ.ஓ. விட்டுக்கொடுக்கவில்லை. தெரு முட்டுகிற இடத்தில் வண்டி திரும்பும் வட்டம் கட்டாயம். புத்தகத்தில் படம் போட்டிருந்ததால் அவருக்கு அந்த விதிமேல் தனிப் பிரியம். கொலனிக்காரர்கள் முளை அடித்து வட்டத்தைக் காட்டினார்கள், நாங்கள் நாடா பிடித்து அளந்தோம், சான்றிதழ் கொடுத்தோம். அடுத்த மாதமே அந்த முளைகளில் போஞ்சிக்கொடி ஏறியிருந்தது. வட்டத்தில் ஒரு பாதியில் கடைசி வீட்டுச் செபஸ்தியான் மாஸ்டர் தன் காருக்குத் தகரக் கொட்டில் போட்டுவிட்டார். மறுபாதியில் கிளாக்கர் ஐயா லீக்ஸ் பாத்தி கட்டினார். மலையகத்தில் சமதரையாக ஓரிடம் கிடந்தால் அதில் எதையாவது நடாமல் எங்கள் ஆட்களால் தூங்க முடியாது. அது வியாதி. எனக்கும் உண்டு, என் ஜன்னலடியில் கொத்தமல்லி வைத்திருந்தேன்.

“ஐயா, அது வண்டி திரும்ப விட்ட இடம்” என்றேன்.

“வண்டி யாருகிட்ட இருக்கு புள்ள? மாஸ்டர்கிட்ட ஒன்னு இருக்கு. அது திரும்புறதில்ல, தள்ளுனா போகும்.”

அவர் சொன்னதில் நானும் சிரித்தேன். அந்த வட்டத்தைப் பற்றி எனக்கும் அவருடைய அபிப்பிராயம்தான். மழையில் சரியும் கரைக்குத் தடுப்புச் சுவர் வேண்டும் என்று ஒரு வரி எழுதாத புத்தகம், கொலனிக்கு வராத வண்டிகள் திரும்ப வட்டம் கேட்டது.

பிறகு மாரியம்மன் திருவிழா வந்தது. தோட்டத்துக் கோயில் தேர் என்றால் பெரிய நகரத்துத் தேரை நினைக்காதீர்கள். பழைய மாட்டுவண்டிச் சக்கரத்தின்மேல் மரச்சட்டம், கலர் கடதாசி, வாழைக்குலை, உச்சியில் ஒரு தகரக் கும்பம். தோட்டத்து ஆண்களும் பெண்களும் கயிறு பிடித்து இழுத்து, ஸ்டோர், பங்களா, கடைவீதி என்று சுற்றி வருவார்கள். தேர் வராத தெரு என்றால் கொலனிக்கு ஒரு குறை. புதுவீட்டுக்காரர்கள் வாசலில் அர்ச்சனைத் தட்டு வைக்க ஆசைப்பட்டார்கள். சங்கத்தின் சார்பில் தேரை அழைக்கக் கிளாக்கர் ஐயாவே லயத்துக்குப் போனார். தான் போட்ட வேலியால், ஸ்டோரைச் சுற்றிக்கொண்டு.

கோயில் தலைவர் காளிமுத்து அண்ணன் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தாராம். வேர்த்து வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, “என்னா ஐயா, சுத்தி வந்தீங்களா?” என்றிருக்கிறார்.

“ஆமாப்பா.”

“தூரந்தான்.”

அவ்வளவுதான் பேச்சு. கூப்பிட்டால் அம்மன் வராமல் இருக்கமாட்டாள், வருவோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு இதைச் சொன்ன பாக்கியம் அக்கா, சொல்லும்போது முகத்தில் எதையும் காட்டவில்லை. கொலனித் தெருவின் கடைசியில் என்ன இருந்தது என்று அக்காவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தினமும் பால் ஊற்ற அந்த லீக்ஸ் பாத்தி ஓரமாகத்தான் போனார்.

பிற்பகல் தேர் வந்தது. மூடுபனி இறங்கியிருந்தது, தப்பு மேளச் சத்தம் முதலில் வந்து தேர் பிறகுதான் தெரிந்தது. வாசலுக்கு வாசல் தேங்காய் உடைத்தார்கள். கிளாக்கர் ஐயா பட்டுச்சால்வை போட்டு முன்னால் நடந்தார். தெரு உண்மையிலேயே இருபதடி அகலம் இருந்ததால் தேர் கம்பீரமாகத்தான் வந்தது. அதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசியில் வந்து நின்றது. இடது பக்கம் தகரக் கொட்டில், உள்ளே நகராத கார். வலது பக்கம் இடுப்பளவு மேட்டில் கல் கட்டிய பாத்தி. நேரே முட்கம்பி.

தப்பு அடிக்கிறவர்கள் கொஞ்ச நேரம் அடித்துப் பார்த்துவிட்டு நிறுத்தினார்கள்.

“அப்புடியே பின்னுக்குத் தள்ளிக்கிட்டுப் போயிரலாமே. கொஞ்ச தூரந்தானே” என்றார் கிளாக்கர் ஐயா.

காளிமுத்து அண்ணன் அவரைத் திரும்பிப் பார்த்தார். “அம்மாவப் பின்னுக்கு நடக்கச் சொல்றீங்களா ஐயா?”

எங்கள் பக்கத்தில் தேர் பின்னால் போகாது. எந்தத் தோட்டத்திலும் போனதில்லை. வழி தவறினாலும் சுற்றித்தான் வரும். அது கிளாக்கர் ஐயாவுக்கும் தெரியும், அவரும் சின்ன வயதில் அந்தக் கயிறு பிடித்தவர். அவருடைய சம்சாரமே, “வாய மூடுங்க” என்று சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

“அப்ப லீக்ஸ மிதிச்சுத் திருப்புவோம்” என்று ஒருவன் சொன்னான். பார்த்தார்கள். பாத்தியை இடித்தாலும் கொட்டில் விடாது. கொட்டிலைப் பிரித்தால் காரை நகர்த்த வேண்டும். காருக்கு இப்போது டயரும் இல்லை, கல்லின்மேல் நின்றது. நான் மனதுக்குள் வட்டத்தின் ஆரத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். புத்தகத்தில் இருந்த வட்டத்துக்குள் அந்தத் தேர் தாராளமாகத் திரும்பியிருக்கும். இத்தனை நாள் நான் கேலி செய்த விதி என்னைப் பார்த்துக் கண்ணடித்த மாதிரி இருந்தது.

அப்போது கயிற்றின் நடுவிலிருந்து பாக்கியம் அக்கா சொன்னார், சத்தம் போடாமல்: “முன்னுக்குப் போக வழி இருக்குதானுங்களே. கம்பிதான் குறுக்க.”

கிளாக்கர் ஐயா வீட்டுக்குள் போனார். திரும்பி வந்தபோது கையில் குறடு. அதை அவர் நீட்டிய விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், ஏதோ தானம் கொடுக்கிறவர் போல. “அம்மனுக்காகத்தான்” என்றார். காளிமுத்து அண்ணன் வாங்கிக் கம்பியை வெட்டினார். பாதை தேருக்கு ஒடுக்கம். லயத்திலிருந்து மம்பட்டியும் அலவாங்கும் வந்தன. கரையை வெட்டி, கல்லைப் புரட்டி, கான் திருப்பி, பின்பக்கம் கயிறு கட்டித் தாங்கி, பொழுது சாய்வதற்குள் தேரைக் கீழே இறக்கிவிட்டார்கள். எங்கள் கந்தோரில் அந்த வேலைக்கு மதிப்பீடு தயாரிக்கவே ஒரு மழைக்காலம் போயிருக்கும். பத்தாம் நம்பர் லயத்து வாசலுக்குத் தேர் வந்தது அதுதான் முதல் தடவை. கம்பி வெட்டிய இடத்தில் தேர் நின்றதற்கு அடையாளமாக ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, சிவப்புத் துணி கட்டிவிட்டுப் போனார்கள்.

அடுத்த வாரமே சங்கம் கந்தோருக்கு வந்தது. வேலியைத் திரும்பப் போட அனுமதி வேண்டும். டீ.ஓ. மாத்தயா நீண்ட நேரம் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். கடைசியில், “கோயில் கல்லு இருக்கிற இடத்தில நான் கையெழுத்து வைக்கமாட்டேன்” என்றார். விதிப்படி இல்லை, பயத்தின்படி. அவர் எடுத்த தீர்மானங்களில் சரியானது அது ஒன்றுதான். வேண்டுமானால் வட்டத்தைத் துப்புரவாக்குங்கள், அது விதியில் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். லீக்ஸ் போனது, கொட்டில் போனது. மாஸ்டரின் காரைப் பழைய இரும்புக்காரன் துண்டு துண்டாகக் கொண்டுபோனான்.

பாக்கியம் அக்கா மறுபடி லொறியைப் பிடித்தார். வெட்டி அகலமாக்கிய பாதையில் கேனைத் தலையில் வைத்துக் கை வீசி வருவார். “இப்ப புள்ளி இல்ல புள்ள, முழுக்கோடு” என்பார். ஒரு வருஷம்தான் அப்படி நடந்தார்.

இந்தியக் குடியுரிமை கேட்டு எழுதிக் கொடுத்திருந்த குடும்பங்களுக்கு அங்கே போகப் பெயர் வந்தது. எழுபதுகளில் அப்பன்மார் கொடுத்த விண்ணப்பத்துக்கு, பிள்ளைகள் படித்து முடிக்கிற காலத்தில் முறை வந்தது. பாக்கியம் அக்காவின் வீட்டுக்காரர் சாவதற்கு முன் கொடுத்தது. லயத்தில் பாதிக்கு மேல் அந்த முறையில் போனார்கள். மாட்டைக் கொலனியில் யாரும் வாங்கவில்லை, வேறு தோட்டத்துக்குப் போனது. சாமான் ஏற்ற லொறி ஒன்று கொலனித் தெருவில் வந்தது. பெட்டிகளையும் அண்டாக்களையும் பாதை வழியே மேலே சுமந்து வந்து ஏற்றினார்கள். மகள் பாடப்புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். ரயில் கோச்சிக்கு நேரமாகிறது என்று லொறிக்காரன் அவசரப்படுத்தினான். அந்த வட்டத்தில் லொறி ஒரே வீச்சில் திரும்பியது. கிளாக்கர் ஐயா ஓரமாக நின்று “வரட்டும், வரட்டும்” என்று கை காட்டிக்கொண்டிருந்தார். நல்ல வசதியான வட்டம், ஒரு தடவைகூடப் பின்னால் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஊரை விட்டு மாற்றலாகி வந்த பிறகு ஒரு முறை போய்ப் பார்த்தேன். கொலனித் தெருவைச் சபை பொறுப்பெடுத்துத் தார் போட்டிருக்கிறது. வீடுகளில் டப்பாப் பால்மா. பத்தாம் நம்பர் லயத்தின் கூரையைக் கழற்றிவிட்டார்கள், சுவருக்குள் தேயிலைக் கன்று. தேர் இறங்கிய பாதையில் என் உயரத்துக்கு மானாப்புல். கம்பி வெட்டிய இடம் இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது, வேலியைத் திரும்பப் போடவில்லை. சங்கம் இப்போது அனுமதி கேட்பதும் இல்லை. அந்தப் பக்கமிருந்து ஏறி வர யாருமில்லை.